மானிட்டர் என்ன இருக்கு?

கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர்களிடம் பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது, "மானிட்டர் என்ன இருக்கு?" என்பதைத்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் வேலையில் இத்தனை வருடம் ஓடிவிட்டது. இன்றும் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்பவர்கள் குறைவு. கார்டின் மாடல் எண், மெமரி, மீரான் சாகிப் தெருவில் எந்தக் கடையில் ஐந்நூறு ரூபாய் குறைவு என்பதையெல்லாம் ஒப்பிக்கும் பையன், மானிட்டர் பேச்சு வந்ததும் தயங்குவான். "ஏதோ பழசுண்ணா. அப்பா ஆபீஸ்ல ஏலத்துல எடுத்தது."

காசு முழுவதையும் கார்டில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு திரை. இங்கே பெரும்பாலோர் வாங்கும் வரிசை இது. நான் அதைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். கார்டு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திரைதான். 1920க்கு 1080 திரையில் இருப்பவை சுமார் 20 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 என்றால் 37 லட்சத்தைத் தொடும். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம், அதாவது முதலாவதைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டுத் தர வேண்டும். அதற்குமேல் அந்தத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறதா 144 முறையா என்பது வேறு. இந்த இரண்டும் தெரியாமல் கார்டு சொல்வது, வீட்டின் அளவு தெரியாமல் ஏ.சி.க்கு டன் சொல்வதற்குச் சமம்.

நான் வேலை பழகியபோது மேசையில் இருந்தவை கண்ணாடிக் குழாய் மானிட்டர்கள். 17 அங்குலக் குழாயில் 1024க்கு 768 வைத்தால் 85 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும். ஆனால் புதிதாக விண்டோஸ் போட்டால் அது 60இல் போய் நிற்கும். கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் அந்த 60 ஹெர்ட்ஸ் துடிப்பு கண்ணைக் குத்தும். ஓரக்கண்ணால் பார்த்தால் இன்னும் மோசம். டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் போய் 85 ஆக்கினால்தான் அமைதியாகும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் மிஷினை டெலிவரி கொடுக்கும் முன் கடைசியாகச் செய்கிற காரியம் அது. வாங்குகிறவருக்கு என்ன செய்தார் என்று தெரியாது. வீட்டில் உட்கார்ந்தால் கண் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு எல்.சி.டி. வந்தது. மெலிசு, எடை குறைவு, மின்சாரமும் குறைவு. துடிப்பும் இல்லை. அதனால் ஹெர்ட்ஸ் என்ற சொல்லையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட எல்லாப் பலகையும் 60தான். வேகமாகக் கேமராவைத் திருப்பினால் படம் மெழுகியதுபோல் குழம்பும். குழாயில் விளையாடிப் பழகியவர்கள் அதை உடனே உணர்ந்தார்கள். பிரவுசிங் சென்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிய சில பையன்கள், எல்லோரும் வீசி எறிந்த குழாயை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. 2009இல் 120 ஹெர்ட்ஸ் எல்.சி.டி. சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகும் நம் ஊரில் அது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு இறங்கப் பல வருடம் ஆயிற்று.

அந்த இடைப்பட்ட காலத்தின் இன்னொரு சங்கடம் வி.ஜி.ஏ. கேபிள். 2016இல் ஜி.டி.எக்ஸ் 10 வரிசை வந்தபோது என்விடியா அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டது. 1050 டி.ஐ. அந்த வரிசையில் நம் ஊருக்கென்றே செய்ததுபோல் அமைந்த கார்டு. 75 வாட்தான். பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் இணைப்பே வேண்டாம், பழைய ஆபீஸ் மிஷினிலும் செருகலாம். செருகிவிட்டுப் பார்த்தால், வீட்டிலிருக்கும் மானிட்டரில் நீல வி.ஜி.ஏ. ஓட்டை மட்டும்தான் இருக்கும். முன்பு ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய சாதா மாற்றி இதில் உட்காரக்கூட உட்காராது. உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். மலிவான கன்வெர்ட்டர் போட்டால் எழுத்து கலங்கித் தெரியும். கார்டு வாங்கிய மறுநாள் மானிட்டரும் வாங்க நேர்ந்த குடும்பங்களை நிறையப் பார்த்தேன். மானிட்டரைப் பற்றி முதலில் கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் உறுதிப்பட்டது.

அப்பாவும் பையனுமாக வருவார்கள். அப்பா கேட்பார்: "தம்பி, இது எட்டாயிரம், இது பதிமூணாயிரம். ரெண்டும் 24 இன்ச்தான். படம் ஒண்ணுபோலத்தானே தெரியுது?" நியாயமான கேள்வி. நின்ற படத்தில் வித்தியாசம் தெரியாது. கடையில் இரண்டையும் ஒரே மிஷினில் மாட்டி, ஒரு விண்டோவை மவுஸால் பிடித்து இடமும் வலமுமாக இழுக்கச் சொல்வேன். 60இல் இழுக்கும்போது தலைப்பில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாது. 144இல் ஓரளவு படிக்கலாம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 60இல் 16.7 மில்லி வினாடி, 144இல் 7க்கும் கீழே. இந்த எண்ணைச் சொல்லி யாரையும் நம்பவைக்க முடிந்ததில்லை. இழுத்துப் பார்த்த அப்பாக்கள் மறுபேச்சுப் பேசியதில்லை. "இது கண்ணுக்கும் நல்லது போல இருக்கே சார்" என்றார் ஒருவர்.

எல்லோருக்கும் 144 வேண்டும் என்று சொல்ல மாட்டேன். என்ன விளையாடுகிறாய் என்பது இரண்டாவது கேள்வி. வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்றால் ஹெர்ட்ஸ்தான் முக்கியம். சைபர்பங்க் 2077, பிளாக் மித் வூகாங் போல நிதானமாகச் சுற்றிப் பார்க்கிற கேம்தான் என்றால் 1440 திரையும் நல்ல நிறமும் அதிக மகிழ்ச்சி தரும். முதல் வகைக்குக் கார்டைவிட ப்ராசஸர் முந்தித் திணறும். வேலரன்ட் ஆடத்தான் என்று சொல்லிவிட்டுப் பெரிய கார்டும் பழைய நாலு கோர் ப்ராசஸரும் வைத்திருப்பவரின் ஃபிரேம் எண்ணிக்கை, கார்டை இன்னும் பெரிதாக்கினாலும் நகராது. சோதிக்க எளிய வழி இருக்கிறது. கேமுக்குள் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் ஏறினால் கார்டு திணறுகிறது. ஏறவில்லையென்றால் ப்ராசஸரோ ரேமோதான் தடை. ஒரே ஒரு ரேம் குச்சியைப் போட்டு ஒற்றைச் சேனலில் ஓடும் மிஷின்கள் இங்கே ஏராளம். இன்னொரு குச்சியை வாங்கிப் போடு, கார்டு அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பியிருக்கிறேன். விற்பனை போனால் போகட்டும்.

திரை அளவில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 27 அங்குலத்தில் 1080 திரையை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் வரும், 27இல் அது 82க்குக் குறைந்துவிடும். நம் வீட்டு மேசைகள் ஆழம் குறைந்தவை, திரை முகத்துக்கு அருகிலேயே இருக்கும். அந்தத் தூரத்தில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். 27 வேண்டுமானால் 1440க்குப் போங்கள். 109 புள்ளி, எழுத்து கச்சிதமாக இருக்கும். அதற்குக் காசில்லை என்றால் 24லேயே நல்ல ஐ.பி.எஸ். பலகை.

பலகை வகையில் விலைப்பட்டியலைவிட அறையைத்தான் பார்ப்பேன். வி.ஏ. பலகையின் கான்ட்ராஸ்ட் 3000க்கு 1 என்ற அளவில் இருக்கும், ஐ.பி.எஸ்.ஸுக்கு 1000க்கு 1 சுற்றுவட்டாரம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடுகிறவருக்கு வி.ஏ.யின் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஐ.பி.எஸ். மூலைகளில் ஒரு மங்கல் ஒளி கசியும். ஆனால் மலிவான வி.ஏ.யில் இருண்ட இடத்தில் உருவம் நகர்ந்தால் பின்னால் கறுப்பாக ஒரு வால் இழுபடும். சுடுகிற கேம் ஆடுபவருக்கு அது எரிச்சல். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் விளையாடுகிறவர், கூடத்தில் டியூப் லைட்டுக்குக் கீழ் மேசை போட்டிருப்பவர், இவர்களுக்கு ஐ.பி.எஸ். போதும். ஓ.எல்.இ.டி. எல்லாவற்றையும்விட அழகு. ஆனால் அதே மானிட்டரில் நாள் முழுக்க எக்செல் ஓட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. அசையாத கட்டங்கள் காலப்போக்கில் தழும்பாகப் பதியும் அபாயம் உண்டு.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் இரண்டு ஸ்டிக்கர்களுக்காக மட்டும் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். "1 எம்.எஸ்." என்பதில் இரண்டு அளவைகள் இருக்கின்றன. ஒன்று புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம். மற்றது பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு மங்கலைக் குறைக்கும் முறையில் எடுத்த எண். அந்த முறையைப் போட்டால் வெளிச்சம் குறையும், பெரும்பாலான மாடல்களில் ஃபிரேம் ஒத்திசைவு வசதியையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. இன்னொன்று "எச்.டி.ஆர். 400". அந்தச் சான்றுக்குப் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதியே தேவையில்லை. ஓ.எல்.இ.டி. அல்லாத சாதாரணத் திரையில் எச்.டி.ஆரை ஆன் செய்து, நிறம் வெளுத்துப்போய்விட்டது என்று போன் செய்கிறவர்களிடம், அணைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

கார்டுக்கு வருகிறேன். இங்கே முதல் ஆபத்து, ஒரே பெயரில் இரண்டு பொருள். ஜி.டி.எக்ஸ் 1060இல் 3 ஜி.பி. என்றும் 6 ஜி.பி. என்றும் வந்தது. மெமரி மட்டும் குறைவு என்று நினைத்து வாங்கினார்கள். உண்மையில் 3 ஜி.பி.யில் கோர்களும் குறைவு, 1280க்குப் பதில் 1152. ஆர்.டி.எக்ஸ் 3050 8 ஜி.பி. 2022இல் வந்தது, 2024இல் வந்த 6 ஜி.பி. வேறொரு கார்டு என்றே சொல்ல வேண்டும். கோரும் குறைவு, மெமரிக்குப் போகும் பாதையும் ஒடுக்கம். அதற்கென்று ஒரு நல்ல இடம் இருக்கிறது. 70 வாட் என்பதால் தனி மின் இணைப்பில்லாத ஆபீஸ் மிஷினில் போடலாம். அந்த இடத்துக்கு வாங்கினால் சரி. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம். ஆர்.எக்ஸ் 580இலும் 2048 எஸ்.பி. என்ற வாலோடு ஒன்று சுற்றுகிறது. அதன் கோர் எண்ணிக்கை 570இனுடையது.

இரண்டாவது, மதர்போர்டோடு பேசும் பாதை. 2022இல் வந்த ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி.யில் நாலே லேன்கள். புதிய பி.சி.ஐ. 4 போர்டில் சமாளிக்கும். ஆனால் விலை குறைந்த கார்டைத் தேடுகிறவரின் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பி.சி.ஐ. 3 போர்டு. அங்கே பாதை பாதியாகி, 4 ஜி.பி. மெமரி நிரம்பியதும் படம் திக்கித் திக்கி ஓடும். யாருக்காகச் செய்ததோ அவர்களுக்கே பொருந்தாத கார்டு அது என்பது என் கருத்து. அதேபோல் இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதியை பயாஸில் ஆன் செய்தாக வேண்டும். அது இல்லாத பழைய போர்டுக்கு ஆர்க் வேண்டாம்.

மெமரி அளவைப் பற்றிய சண்டை 2023இல் சூடு பிடித்தது. தி லாஸ்ட் ஆஃப் அஸ், ஹாக்வார்ட்ஸ் லெகசி போன்ற கேம்கள் பி.சி.க்கு வந்தபோது 8 ஜி.பி. கார்டுகள் உயர்ந்த டெக்ஸ்ச்சரில் மூச்சு வாங்கின. பிறகு அப்டேட்டுகள் வந்து சற்றுத் தேறின. 1080 திரையில் டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கிக்கொள்ளச் சம்மதமென்றால் 8 ஜி.பி. இன்றும் ஓடும். 1440 திரை வைத்துக்கொண்டு நாலைந்து வருடம் ஓட்ட நினைப்பவருக்கு 12 ஜி.பி.க்குக் கீழ் நான் சொல்வதில்லை. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டி.எல்.எஸ்.எஸ். வசதியின் கணக்கும் திரையோடு சேர்ந்ததுதான். குவாலிட்டி நிலையில் 1440 திரைக்கு உள்ளே சுமார் 1707க்கு 960இல் படம் வரைந்து பெரிதாக்குகிறது. 1080 திரைக்கு 1280க்கு 720தான். பெரிய திரையில் அந்த மாயம் நன்றாகவே பலிக்கிறது. சிறிய திரையில் தூரத்து மரக்கிளைகளும் கம்பி வேலியும் கலங்கும்.

மின்சாரத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் 450 வாட் என்று அச்சடித்திருக்கும். அதன் 12 வோல்ட் வரிசை எத்தனை ஆம்பியர் தரும் என்று பக்கவாட்டு லேபிளைப் படித்தால் உண்மை தெரியும். கார்டும் ப்ராசஸரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அதேபோல் யு.பி.எஸ். வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். உண்மையில் 360 வாட்தான் தாங்கும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கேம் நடுவில் கரண்ட் போனால் கீச்சென்று கத்திவிட்டு மொத்தமும் அணையும். கார்டு போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கார்டில் குறையே இருக்காது.

சென்னை வெயிலைக் கணக்கில் எடுக்காத விமர்சனங்கள் நமக்குப் பாதிதான் உதவும். 21, 22 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டிய கார்டு, மே மாதத்தில் ஏ.சி. இல்லாத மொட்டை மாடி அறையில் 85ஐ எட்டும். பல ஜி.டி.எக்ஸ், ஆர்.டி.எக்ஸ் கார்டுகள் 83 டிகிரியை நெருங்கியதும் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே விளக்கு எரியும் கேபினட் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் காற்று போக வழியில்லை. வலைபோட்ட முகப்பு உள்ளதை எடுங்கள். இரண்டு விசிறி முன்னால், ஒன்று பின்னால். பிறகு ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்குவேன். வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், வாட்டும் சூடும் சத்தமும் கணிசமாக இறங்கும். ஆர்.டி.எக்ஸ் 3080 போன்ற 320 வாட் கார்டில் இதைச் செய்தால் அறையே சற்றுக் குளிரும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க்கில் அடையாக அப்பிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயரில் ஊதச் சொல்கிறேன். ஊதும்போது கார்டின் விசிறியைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மிஷின் வீட்டுக்குப் போன அன்று இரவு வரும் போன் எனக்குப் பழகிவிட்டது. "அண்ணா, கேம் ஸ்லோவா இருக்கு." எச்.டி.எம்.ஐ. எங்கே சொருகியிருக்கிறாய் என்பேன். மேலே, மவுஸ் கீபோர்டு பக்கத்திலே என்பான். அது மதர்போர்டின் ஓட்டை. கார்டு சும்மா கிடக்கிறது. கீழே குறுக்குவாட்டில் இருப்பதில் மாட்டு என்றால் அடுத்த நிமிடம் சந்தோஷக் கத்தல்.

அடுத்தது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாதக்கணக்கில் 60இல் ஓடுவது. குழாய்க் காலத்தில் பார்த்த அதே கோளாறு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் எண்ணை மாற்ற வேண்டும். பட்டியலில் 144 காட்டவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். பழைய 144 மானிட்டர்கள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. வழியாக 120க்கு மேல் போகாது. 1440 திரையில் எச்.டி.எம்.ஐ. 2.0 வழியாக 144தான் உச்சம், 165 வேண்டுமானால் டிஸ்ப்ளே போர்ட். அந்தக் கேபிளையும் தெருவோரக் கூடையில் பொறுக்க வேண்டாம். மோசமாகச் செய்த கேபிள்களில் 20ஆம் பின்னையும் இணைத்துவிடுவார்கள். மானிட்டரிலிருந்து மின்சாரம் கார்டுக்குத் திரும்பப் பாய்ந்து, அணைத்த பிறகும் உள்ளே விளக்கு எரியும், சில சமயம் மிஷின் ஆனே ஆகாது.

இதோடு மூன்று காரியம் செய்து கொடுப்பேன். எச்.டி.எம்.ஐ.யில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கார்டின் கன்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்சை லிமிடெட்டிலிருந்து ஃபுல்லுக்கு மாற்றுவது முதலாவது. இரண்டாவது, ஃபிரேம் வரும் வேகத்துக்குத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் வசதி. 2013இல் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தபோது மானிட்டருக்குள் தனிச் சில்லு வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் அந்தச் சில்லு இல்லாத ஃப்ரீசிங்க் மானிட்டர்களுக்கும் என்விடியா கதவைத் திறந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த மாற்றம் செய்த நன்மை, புதிய கார்டு ஒன்று தந்ததைவிடப் பெரிது என்று நினைக்கிறேன். 50க்கும் 70க்கும் இடையே ஊசலாடும் ஃபிரேம்கூட வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மானிட்டரின் மெனுவிலும் அதை ஆன் செய்ய வேண்டும், விண்டோஸில் மட்டும் செய்தால் போதாது. மூன்றாவது, ஃபிரேமுக்கு வரம்பு. 144 திரைக்கு 141 என்று கட்டிவிடுவேன். வீணாக 250 ஃபிரேம் வரைந்து சூடாவதும் நிற்கும்.

கடைசியாகப் பழைய கார்டு. 2020 இறுதியிலிருந்து 2022 வரை கிரிப்டோ வேட்டையில் கார்டுகள் அலமாரிக்கு வரும் முன்பே காணாமல் போயின. பிளஸ் டூ முடித்த பையன் ஒரு வருடம் சேர்த்த காசோடு வந்து வெறுங்கையோடு திரும்பியதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும் கார்டில் தோண்டுவது ஒரே நாளில் அர்த்தமிழந்தது. மூட்டை மூட்டையாகக் கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அவற்றை ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டாம். மைனிங்கில் பெரும்பாலும் கோரைக் குறைந்த வோல்டேஜில்தான் ஓட்டினார்கள். தேய்ந்தவை விசிறி பேரிங்கும் மெமரி மேல் ஒட்டும் தெர்மல் பேடும். இரண்டையும் மாற்றலாம். வாங்கும் முன் அரைமணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் கோர் எண்ணிக்கை பெயரோடு பொருந்துகிறதா, பயாஸ் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். 3080 போன்றவற்றில் மெமரி சூட்டை எச்.டபிள்யூ இன்ஃபோவில் தனியே கவனியுங்கள். 100 டிகிரியைத் தாண்டினால் பேடு மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சீரியல் நம்பரும் பில்லும் பொருந்தினால் சில பிராண்டுகளில் மிச்ச வாரண்டி உங்களுக்குக் கிடைக்கும். அந்தக் கார்டை வீட்டில் மாட்டும் முன் பழைய டிரைவரை டி.டி.யு. என்ற மென்பொருள் வைத்துத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.